மலைப்பக்கம் விட்ட இடம்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால், புதுசாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே மருந்துக்கடை. மேலே மனநோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டரின் அறை. அந்த அறையை ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன அறைதான் அருணாதேவியுடையது. டாக்டர் மாத்திரை எழுதுவார், அருணாதேவி பேசுவாள். பேசுவாள் என்று சொல்வதுகூடத் தப்பு. மனசு சரியில்லை என்று வருகிறவர்கள் பேசுவார்கள், அவள் கேட்பாள். அதுதான் அவள் படித்த படிப்பு.

அந்த அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்று அவளுக்கு, ஒன்று எதிரே வருகிறவருக்கு. மூன்றாவது அவளுடைய வலது கைப்பக்கம் கிடக்கும். அது ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. காலையில் வந்ததும் முதல் காரியமாகத் துணிப்பையை அதில் வைத்துவிடுவாள். பையை எடுக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைப்பாள்.

வெளியே டோக்கன் கொடுக்கும் ஜோதியம்மாளுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. "இன்னா பாப்பா, வந்தவங்க நிக்க எடமில்லாம நிக்கறாங்க, நீ பையை மாப்பிள்ளை மாதிரி குந்த வச்சிருக்கியே?"

"காலியா வுட்டா யாருனா வந்து குந்திக்குவாங்கக்கா" என்பாள் அருணாதேவி.

ஜோதியம்மாள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அருணாதேவி சிரிக்க மாட்டாள்.

காரணம் தெரிய வேண்டுமானால் முதலில் அடி அண்ணாமலைக்குப் போக வேண்டும். மலை சுற்றுகிற பாதையில், பாதி சுற்றி வந்தவர்கள் கால் ஓய்ந்து நிற்கிற இடத்தில் அவர்கள் வீடு. அப்பா கோதண்டராமனுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர். அம்மா ஆதிலட்சுமி பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மேசை போட்டு மோரும் எலுமிச்சம்பழச் சாதமும் விற்பாள். அருணாதேவி நடை பழகியதே அந்த மோர் மேசையைப் பிடித்துக்கொண்டுதான். நடை பழகும்போதே இன்னொன்றும் பழகினாள். மலை சுற்றுகிறவர்கள் சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டும். வலது பக்கம் மலைப்பக்கம். அங்கே சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வருகிறார்கள். அவர்கள் வழியை நாம் அடைக்கக் கூடாது.

"ஏய், மலைப்பக்கம் ஓடாதடி! யாரு மேலயாவது முட்டிக்கப் போற" என்று ஆதிலட்சுமி கத்துவாள். யாருமே இல்லாத இடம்தான் அது. ஆனாலும் முட்டிக்கொள்வோமோ என்று குழந்தை ஒதுங்கும். ஒதுங்கி ஒதுங்கி அது உடம்பிலேயே ஊறிப்போயிற்று. பள்ளிக்கூட வராந்தாவில் போனாலும் பஸ் ஸ்டாண்டில் போனாலும் வலப்பக்கம் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடப்பாள். மூடநம்பிக்கை என்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நம்பிக்கைகூட இல்லை, தாழ்ந்த நிலைப்படியில் தலை குனிவது மாதிரி ஒரு பழக்கம். குனிகிறவன் யோசித்தா குனிகிறான்?

பன்னிரண்டாவது முடித்து உளவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு வீட்டில் பெரிய விசாரணை நடந்தது.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"டாக்டர் இல்ல நைனா. மாத்திரை எழுத மாட்டேன். அவங்ககிட்ட பேசுவேன்."

"பேசறதுக்கா இத்தினி வருசம் படிப்பு? உங்கம்மா மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதில்ல. நாள் முழுக்கப் பேசறா."

"பேசறதுக்கு நான் இருக்கேன்" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. "கேக்கறதுக்குத்தான் இந்த வூட்ல ஆளில்ல. அவ போயி அதைப் படிச்சிகினு வரட்டும்."

அப்படித்தான் படிக்கப் போனாள். கல்லூரி முடித்து, மேல்படிப்பும் முடித்து, அதற்கும் மேலே மெட்ராஸில் ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷப் பயிற்சி. கொரோனா போயும் போகாமலும் இருந்த சமயம். வார்டுக்குள் நுழைந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பெண்கள் வார்டில் ஓர் அம்மா அருணாதேவியைப் பார்க்கும்போதெல்லாம் தன் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வாள். அதை உதறாமல் உட்கார்ந்திருக்கப் பழகவே பல நாள் ஆயிற்று. மையைக் கொட்டி மடித்தாற்போன்ற படங்கள் உள்ள அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்கிற ஒரு பரீட்சை உண்டு. பெரும்பாலும் வௌவால் என்பார்கள், பட்டாம்பூச்சி என்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் அட்டையைப் பார்த்துவிட்டு, "மை கொட்டிடுச்சேம்மா, தொடச்சிடட்டா?" என்றார். அன்று ராத்திரி விடுதியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவளுக்குப் பாடம் சொன்னவர் ராஜமாணிக்கம் சார். கண்டிப்பானவர். யார் எந்த நோயாளியிடம் பேசினாலும், மறுநாள் காலையில் எல்லார் முன்னாலும் நின்று அதை ஒப்பிக்க வேண்டும். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நோயாளி பேசி முடிச்சுட்டான்னு நீங்க நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் அவன் பேசவே ஆரம்பிப்பான். அந்த நேரத்துல நீங்க வாயைத் திறந்தா முடிஞ்சுது." அருணாதேவி தலையை ஆட்டுவாள். தலையை ஆட்டுவதற்கும் கேட்டுக்கொள்வதற்கும் எத்தனை தூரம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் வருஷம் மணிவேல் வந்தான்.

மணிவேல் கொத்தனார். செங்கம் பக்கத்துக் கிராமம். அவன் தம்பி கருப்பனும் கொத்தனார்தான். அண்ணனும் தம்பியும் ஒரே சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது கருப்பன் கால் தவறி விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து மணிவேலுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, பூசுகிற கரணையைக் கையில் எடுக்கவில்லை. அவன் பெண்சாதி உண்ணாமுலைதான் அங்கே இங்கே விசாரித்து மெட்ராஸுக்கு அழைத்து வந்தாள். உண்ணாமுலையைத் தனியே உட்கார வைத்துப் பேசியது கூடப் படித்த விமல்ராஜ். மணிவேலிடம் பேசியது அருணாதேவி.

மாதக்கணக்காக ஊர்ப் பேச்சு காதில் விழாதவளுக்கு அவன் வாயைத் திறந்ததுமே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ராத்திரியில தூங்கறது இல்லம்மா. எழுந்து நடந்துகினே இருப்பேன்" என்றான். "நடக்கச்சே பக்கத்துல ஒருத்தரு வராரு. எடம் வுட்டு நடக்கறேன்."

"மலைப்பக்கமா?" என்று கேட்டாள் அருணாதேவி. கேள்வியிலேயே சிரிப்பு இருந்தது.

மணிவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆமாம்மா. மலைப்பக்கம்தான். நீ எந்த ஊரு?"

"அடி அண்ணாமலைண்ணா. நாங்களும் அப்படித்தான். மலைப்பக்கம் போனா எங்கம்மா தொடப்பக்கட்டையை எடுத்துகினு வருவாங்க." சொல்லிவிட்டு நன்றாகவே சிரித்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்திருக்க வேண்டும்.

மணிவேலும் லேசாகச் சிரித்தான். பிறகு, "எடம் பத்தலம்மா" என்றான்.

அதை அவள் காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். "ஆமாண்ணா, இப்பல்லாம் ஜனம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. பசி, தூக்கம், வேலை என்று அவள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தான்.

மறுநாள் காலையில் சார் முன்னால் ஒப்பித்தார்கள். விமல்ராஜ் சொன்னான். "பக்கத்துல யாரோ நடக்கறதா சொல்றாரு சார். தம்பி பேரைச் சொல்லித் தனியா பேசறாருன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. குரல் ஏதாவது கேட்குதான்னு இன்னொரு தடவை விசாரிக்கணும்னு தோணுது."

அருணாதேவிக்குச் சுருக்கென்றது. "செத்தவன் பேரைச் சொல்லி அழாதவங்க யாரு இருக்காங்க? எடம் விட்டு நடக்கறது எங்க ஊரு வழக்கம் சார். அதை வியாதின்னு எழுதினா எங்க ஊரையே பெயர்த்து இந்த வார்டுலதான் போடணும்" என்றாள். விமல்ராஜ் பக்கம் திரும்பி, "நீ மெட்ராஸ்காரன். எங்க மலையைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ஊர் வழக்கம் ஊர்க்காரிக்குத்தானே தெரியும். தம்பி போன துக்கம் என்று எழுதி, தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த மாதத்துக்கு முன்னால் பௌர்ணமி வந்துவிட்டது.

அம்மா போனில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் சொன்னாள். "செங்கம் பக்கத்துக் கொத்தனாராம்டி. பொண்டாட்டியோட மலை சுத்த வந்தவரு, நம்ம வூட்டாண்ட வரைக்கும் கூட வந்தாராம். அந்தம்மா செருப்பு வாரை மாட்டிகினு நிமிர்ந்து பாத்தா ஆளைக் காணோம். போலீஸ் வந்து காட்டுல எல்லாம் தேடியாச்சு. அந்தம்மா நம்ம வாசல்லயே குந்திகினு அழுவுது."

அருணாதேவி பெயரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னாள். எடம் பத்தலம்மா என்று அவன் சொன்னதையும், அதற்குத் தான் என்ன சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். "கையெழுத்து என்னுது. பதில் நான் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, "ஊர் வழக்கம்னு தெரிஞ்சதும் நீ கேள்வியை நிறுத்திட்டே. அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும். கூட நடக்கறது யாரு, அவரு என்ன சொல்றாருன்னு நீ கேட்கவே இல்ல. அதை உனக்காக நான் சுமக்க முடியாதும்மா" என்றார்.

அன்று விடுதி மாடிப்படி ஏறும்போது முதல் தடவையாக அது வந்தது. வலப்பக்கம், அவள் எப்போதும் விடுகிற இடத்தில், ஈரச் சிமெண்ட் வாசனை. ரப்பர் செருப்பின் சத்தம். அவள் நடந்தால் நடந்தது. அவள் நின்றால், இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். குற்ற உணர்ச்சி மனசுக்குள் என்னென்ன செய்யும் என்று பாடமாகவே படித்திருக்கிறாள். புத்தகத்தில் அதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் வந்தது போய்விடுமா? அவள் தானும் சில மாதம் இதே வேலையில் மூத்த ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். தூக்கம் திரும்பியது, சாப்பாடு திரும்பியது. செருப்புச் சத்தம் கம்மியாயிற்று, நிற்கவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் மட்டும் அவளுக்கு வரவேயில்லை.

படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கே வந்தாள். பகலில் வேங்கிக்கால். பௌர்ணமி என்றால் சாயங்காலமே அம்மாவின் மோர்க்கடை. கடைக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கத்துப் புளியமரத்தடியில் உண்ணாமுலை நிற்பாள். வருஷங்கள் ஓடியும் ஒரு பௌர்ணமி தவறியதில்லை. கையில் ஒரு போட்டோ. அது கருப்பன் கல்யாணத்தில் எடுத்தது. அண்ணனும் தம்பியும் ஒட்டி நிற்பார்கள். இரண்டு பேரில் யார் என்று ஜனங்கள் குழம்பக் கூடாதென்று, கருப்பன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டுவாள். "இவருங்க. இவரைப் பாத்தீங்களா?" வருஷக்கணக்காக மறைத்து மறைத்து அந்த இடத்தில் கருப்பனின் முகம் தேய்ந்து வெளுத்துவிட்டது.

அருணாதேவி மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். உண்ணாமுலை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஆஸ்பத்திரியில் மூடிய முகத்தோடு இருந்த பெண்ணும் இவளும் ஒன்று என்று உண்ணாமுலைக்குத் தெரிய வழியில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பௌர்ணமியும் கிளம்புவாள் அருணாதேவி. காலி டம்ளரோடு திரும்புவாள்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள், ஜோதியம்மாள் கதவைத் தள்ளி, "தூக்க மாத்திரை வேணும்னு வந்தாங்க பாப்பா. மொதல்ல உன்னாண்ட பேசச் சொல்லி டாக்டர் அனுப்பினாரு" என்று சொல்லி ஒருத்தியை உள்ளே விட்டாள். உண்ணாமுலை.

"நீ மோர்க்கடைப் பொண்ணு இல்ல?" என்றாள் உண்ணாமுலை, நின்றபடியே.

"ஆமாங்க்கா. உக்காருங்க."

"நீயா மனசு டாக்டரு?"

"டாக்டர் இல்லக்கா. சொல்றதைக் கேப்பேன்."

"அங்க மோர் குடுக்கற, இங்க பேச்சு கேக்கற. நல்லா இருக்குடி உன் பொழப்பு." லேசாகச் சிரித்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். கண் மூன்றாவது நாற்காலியில் நின்றது. "அந்தப் பையைக் கொஞ்சம் எடும்மா."

"ஏங்க்கா?"

"எடேன். கூட வந்தவரு நின்னுகினே இருக்காரு."

அருணாதேவி கையை நீட்டிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலி காலியாயிற்று. ஈரச் சிமெண்ட் வாசனை வந்ததா, தன் பயம்தான் வந்ததா என்று அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"யாருக்கா வந்திருக்கறது?"

"எங்க வூட்டுக்காரருதான். கண்ணுக்குத் தெரியாது. நடந்தா தெரியும். எடம் வுட்டுத்தான் நடக்கறேன்."

"என்ன சொல்றாரு?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள். உண்ணாமுலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் கடைசியில். "அதான் தூக்கம் போச்சு. மலைப்பக்கம் யாரு நடப்பாங்க? கண்ணுக்குத் தெரியாதவங்கதானே நடப்பாங்க. நான் எடம் வுட்டா, அவரு செத்துட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. வுடாம நடந்தா, அவரு மேல முட்டிக்குவேனோன்னு கால் வர மாட்டேங்குது. நேத்து பஸ்ஸுக்குப் போவச்சே ரோட்டுலயே நின்னுட்டேன். எந்தப் பக்கமும் போவ முடியல. பின்னால வண்டிக்காரன்லாம் திட்டறான்."

"செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாக்கா?" நேராகவே கேட்டாள். அப்படி நேராகக் கேட்க வேண்டும் என்பதும் பயிற்சியில் படித்ததுதான்.

"செத்தா போட்டோவை வச்சிகினு யாரு நிப்பாங்க?" என்றாள் உண்ணாமுலை, கோபத்தோடு. கொஞ்சம் அடங்கி, "அவருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவருக்குத் தம்பி நடந்தான். தம்பி சும்மா வரல, கூப்ட்டுகினே வந்தான். 'அண்ணா, எறங்கி வாண்ணா'னு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சொல்லுய்யான்னு நான்தான் கூட்டிகினு போனேன். வெளிய வந்து சொன்னாரு. 'நம்மூருப் பொண்ணுதான் இருந்துச்சு உண்ணாமுல. சொன்னேன். சிரிச்சிடுச்சு'ன்னாரு. அதுக்கப்பறம் யார்கிட்டயும் வாயைத் தெறக்கல."

அருணாதேவியின் மடியிலிருந்த பை கீழே சரிந்தது. எடுக்கவில்லை. டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும் என்று உண்ணாமுலையிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்பினாள்.

சாயங்காலம் ராஜமாணிக்கம் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"நீ அவங்களைப் பார்க்கக் கூடாது. அது உனக்கே தெரியும்" என்றார் அவர். "வேற ஒருத்தர்கிட்ட அனுப்பு."

"காரணம் சொல்லாம அனுப்பினா, எனக்கு ஒண்ணுமில்ல சார். அவங்களுக்கு மறுபடியும் ஒரு கதவு மூடின மாதிரிதான்."

"சொன்னா எழுந்து போயிடுவாங்க. எங்க போவாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியும் சார். மலைப்பக்கம்தான் போவாங்க. அதுக்குத்தான் பயமா இருக்கு."

ஊரிலேயே பெரிய தெருவில் வித்யாலக்ஷ்மி என்று இன்னொருத்தி இதே வேலை செய்கிறாள். கோயில் குருக்கள் வீட்டுப் பெண். பொறுமைசாலி. அவளிடம் பேசி நேரம் வாங்கி வைத்தாள். உண்ணாமுலையின் வீட்டிலேயே இருக்கும் அவள் அக்கா மகனைக் கூப்பிட்டு, இனிமேல் அவளைத் தனியே விட வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த வாரம் உண்ணாமுலை வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அன்னிக்கு சிரிச்ச பொண்ணு நான்தாங்க்கா."

உண்ணாமுலைக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அழவில்லை, கத்தவில்லை. எழுந்து கிட்டே வந்தாள். உள்ளங்கையை நீட்டி அருணாதேவியின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினாள். போட்டோவில் கருப்பனை மறைக்கிற அதே கை. மூடிய கைக்கு மேலே இருந்த கண்களை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"வராந்தாவுல பாத்தேன் இந்தக் கண்ணை" என்றாள். கையை எடுத்தாள். போய்விட்டாள்.

வித்யாலக்ஷ்மியிடம் போனாளா என்று கேட்க அருணாதேவிக்கு உரிமை இல்லை. அக்கா மகன் மட்டும் போனில், "இருக்காங்க. பேச மாட்டேங்கறாங்க" என்றான். அதோடு பங்குனிப் பௌர்ணமி வந்தது. காலையில் அவன் மறுபடி கூப்பிட்டான். "சித்தி வீட்டுல இல்லைங்க. போட்டோ இங்கயே கிடக்குது."

அருணாதேவி மதியத்திலிருந்தே மோர்க்கடையில் நின்றாள். புளியமரத்தடி காலியாக இருந்தது. வெயில் தாழ்ந்து ஜனம் பெருகியது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், செருப்பில்லாமல் போகிறார்கள், போன் பேசிக்கொண்டே போகிறார்கள். எல்லாரும் இடது ஓரம். மலைப்பக்கத்தில் அந்த வெற்று வழி நீண்டு கிடந்தது. மணிவேல் போன வழி.

"யாரைடி தேடற? டம்ளர்லாம் காலியா கெடக்குது" என்று ஆதிலட்சுமி அதட்டினாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

நிலா எழும்பும் நேரத்துக்கு, கூட்டத்துக்கு நடுவே உண்ணாமுலை வந்தாள். நிற்க வரவில்லை, நடந்து வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் மலை சுற்றி அன்றைக்குத்தான் அருணாதேவி பார்த்தாள். அவிழ்ந்துகிடந்த தன் தலைமுடியை முடியக்கூட மறந்து ஓடினாள். மோரை நீட்டினாள்.

"மோர் வேணாம்" என்றாள் உண்ணாமுலை. "நீ வா."

இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் உண்ணாமுலை பேசினாள். "உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. அந்த வித்யாலக்ஷ்மிகிட்ட போய்கினுதான் இருக்கேன். நல்லா கேக்குது அந்தப் பொண்ணு. ஆனா அவரு கடைசியா மனசைத் தெறந்தது உன்னாண்டதான். அன்னிக்கு அவரு பேசினதை ஒரு வார்த்தை வுடாம சொல்லு."

அருணாதேவி சொன்னாள். தூங்கறது இல்லம்மா என்றதைச் சொன்னாள். எடம் வுட்டு நடக்கறேன் என்றதைச் சொன்னாள். நீ எந்த ஊரு என்று கேட்டதைச் சொன்னாள். தான் சிரித்ததைச் சொன்னாள். அவனும் கொஞ்சம் சிரித்ததைச் சொன்னபோது உண்ணாமுலை நின்றாள்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாருக்கா."

"தம்பி போனதுக்கப்பறம் அவரு சிரிச்சு நான் பாக்கல" என்றாள். மறுபடி நடந்தாள். "அப்பால?"

"அப்பால, 'எடம் பத்தலம்மா'ன்னாரு."

"அப்பால?"

"அதுக்கு மேல நான் பேசிட்டேங்க்கா. அவரு பேசல."

மலை கறுத்துப்போய், அதன் தோளில் நிலா ஏறிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்புச் சத்தம் அருணாதேவியின் வலப்பக்கம் கூடவே வந்தது. கூட்டத்தில் ஆயிரம் செருப்பு. அதில் எது எது என்று யார் பிரிப்பது? உண்ணாமுலை மெல்ல மெல்ல இடது பக்கமாக ஒதுங்கினாள். இன்னும் ஒதுங்கினாள். இருவரும் சாலையின் விளிம்புக்கே வந்துவிட்டார்கள். அருணாதேவியின் ஒரு கால் மண்ணில் இறங்கியது.

"தள்ளிக்கோடி கொஞ்சம்" என்றாள் உண்ணாமுலை. "ரெண்டு பேரா வராங்க போலிருக்குது. எடம் பத்தல."

ஆமாங்க்கா, இப்பல்லாம் ஜனம் ஜாஸ்தியாயிடுச்சு என்று அதே பழைய பேச்சு அருணாதேவியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"யாரு யாருக்கா? என்ன சொல்றாங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். உண்ணாமுலை பதில் சொல்லவில்லை. ஒரு டீக்கடை போயிற்று, ஒரு நந்தி போயிற்று, பஜனைக் கூட்டம் ஒன்று பாடிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போயிற்று. பேசி முடித்துவிட்டாள் போலத்தான் இருந்தது. அருணாதேவி ஒரு கால் மண்ணிலும் ஒரு கால் தாரிலுமாக நடந்துகொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசாமல். பாதை மலையோடு வளைகிற இடத்தில் உண்ணாமுலை சொல்லத் தொடங்கினாள்.